தலை ஐம்பது, குல்லா நாற்பத்தாறு

நாடாவைக் காதுக்கு மேலாகச் சுற்றியபோது
தீபன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்,
ஊசி போடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி.
தலை ஐம்பது சென்டிமீட்டர்.
குல்லா நாற்பத்தாறு போதும்.
கம்பளி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
பிறகு பிடித்துக்கொள்ளும்.

என்ன படம் வேண்டும் என்று கேட்டது என் தப்பு.
யானை சொல்வான், இல்லாவிட்டால் வாத்து.
இரண்டும் கட்டம் போட்டு நோட்டில் தயாராக இருந்தன.
அவன் சொன்னது ஜேசிபி.
கை தூக்கின ஜேசிபி.
அதில மண்ணு இருக்கணும்.

இருபத்தைந்து கண்ணி அகலத்தில் ஒரு ஜேசிபி.
மூன்று ராத்திரி அழித்து அழித்து வரைந்தேன்.
சக்கரம் சதுரமாகத்தான் வந்தது.
வாளிக்கு இரண்டு பல்லுக்குத்தான் இடம்.
ஓட்டுநர் இல்லை.
ஓட்டுநருக்குக் கட்டம் போதவில்லை.

பதர்பூரிலிருந்து நேரு பிளேஸ் வரை
பெண்கள் பெட்டியில் பின்னினேன்.
சோதனைக் கூண்டில் காவல்காரி
மூங்கில் ஊசியை வளைத்துப் பார்த்தாள்,
மஞ்சள் உருண்டையை அமுக்கிப் பார்த்தாள்,
குழந்தைக்கு எத்தனை மாதம் என்றாள்.
நாலு வயசு, என்னுடையது இல்லை
என்று என் இந்தியில் சொன்னேன்.
பின்பாதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

வலது விரலில் மஞ்சள், இடது விரலில் சாம்பல்.
ஒன்று முன்னால் வரும்போது
மற்றது பின்னால் நடந்துவரும்.
ஐந்து கண்ணிக்கு மேல் நூல் உள்ளே தொங்கக் கூடாது,
குழந்தையின் விரல் மாட்டும், கடுக்கன் மாட்டும்.
இழுத்துப் பிடித்தாலோ தலைக்கு ஏறாது.
ஓக்லாவில் ஒரு கூட்டம் இடித்துக்கொண்டு ஏறும்.
அந்த வரிசை மட்டும் இறுக்கம்.
இப்போதும் தொட்டால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வெயில் வரப் பத்தரை ஆனது.
குல்லாவோடு தீபன் பின்னாலேயே நடந்தான்,
பீப் பீப் என்று, ரிவர்ஸில்.
அஞ்சுகம் துணி உதறிக்கொண்டிருந்தாள்.
திரும்பிப் பார்த்தாள்.
உதறின பாவாடை கையிலேயே இருந்தது.

"எங்க வீட்டத் தள்ளின வண்டி"
என்றாள், தூரத்துச் சொந்தம் யாரையோ
அடையாளம் சொல்கிற குரலில்.
காலை ஏழு மணி. மூடுபனி. முதலில் சத்தம் மட்டும்.
பருப்பு கழுவிப் போட்டிருந்தாளாம்,
குக்கரை இன்னும் மூடவில்லையாம்.
ஒரு கையில் ஏழு மாதத்து இவன்,
இன்னொரு கையில் மூடி.
அந்த மூடிதான் இன்று தண்ணீர்க் குடத்தின் மேல் இருப்பது.
தினமும் பார்த்திருக்கிறேன்,
குடத்துக்குப் பொருந்தாமல், கைப்பிடி துருத்திக்கொண்டு.

பிரித்துவிடுகிறேன் என்றேன்.
நுனி கிடைத்தால் பத்து நிமிஷ வேலை.
தீபன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

அஞ்சுகம் அந்தக் கையை விலக்கி, குல்லாவைக் கழற்றி,
உட்புறத்தை வெளியே திருப்பினாள்.
அங்கே வண்டி இல்லை.
மஞ்சளும் சாம்பலும் குட்டைக் குட்டைக் கோடுகளாக,
யாரோ எழுதி அடித்துவிட்ட வரிகள் போல.
நான் ஒருவருக்கும் காட்டாத பக்கம்.
"இந்தப் பக்கம் நல்லாத்தான இருக்கு"
என்று அப்படியே மாட்டிவிட்டாள்.

காலையில் பால்வாடிக்குக் கோடுகளோடு போகிறான்.
மதியம் நாலு வண்டியும் கை தூக்கித் திரும்பி வருகின்றன.
மதர் டெய்ரி பூத்துக்கும் டயர் கடைக்கும் நடுவே
எங்கோ அது புரள்கிறது.
அஞ்சுகத்துக்குத் தெரியும். கேட்பதில்லை.
ராத்திரி அவன் தூங்கிய பிறகு
மறுபடி திருப்பி ஆணியில் மாட்டுகிறாள்.

அடுத்த குளிருக்குத் தலை ஐம்பத்தொன்று ஆகலாம்.
படம் எது என்று நான் கேட்கப் போவதில்லை,
கேட்காமலும் இருக்க முடியாது.
மஞ்சள் பாதி உருண்டை மிச்சம்.
வேறு என்னவெல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்று
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகிறேன்,
ஜசோலா, ஓக்லா, கோவிந்த்புரி.